ஆடி 1 முதல் ஆடி 18 வரை: ஒகேனக்கல் கரையின் சாப்பாட்டுக் கதை

பண்டிகைக் காலம் என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஐப்பசியும் தையும்தான் ஞாபகம் வரும். தர்மபுரி, சேலம் பக்கத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், ஆடியையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆடி 1 தேங்காய் சுடுவது, ஆடி 18 ஆற்றுக்குப் போவது. ஆங்கிலத் தேதியில் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் முடியும் இந்தப் பதினெட்டு நாளுக்கென்றே தனிச் சாப்பாடு இருக்கிறது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் 'ஆடி மாசத்துல என்ன விசேஷம், அம்மன் கோயில் கூழ்தானே' என்று கேட்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் ரோஷம் வரும். அந்த ரோஷத்தில்தான் இந்தக் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

தேங்காயிலிருந்தே தொடங்குகிறேன். ஆடி முதல் நாள் சாயங்காலம் சேலம், நாமக்கல், தர்மபுரி, ஈரோடு, கரூர் வட்டாரத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு நெருப்பு எரியும். நல்ல முற்றிய தேங்காயின் நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அன்று மத்தியானம் முழுக்க இதுதான் வேலை. ஒரு கண்ணை மட்டும் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, பச்சரிசி அல்லது அவல், பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள்ளு, வெல்லம், ஏலக்காய் எல்லாம் அந்தச் சின்ன ஓட்டை வழியாகவே உள்ளே போகும். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றுவது முக்கியம். உள்ளே இருக்கும் அரிசி வேக வேண்டுமே! பிறகு அழிஞ்சிக் குச்சியைச் சீவி அந்தக் கண்ணில் செருகி, மேலே மஞ்சள் பூசி, குச்சியைப் பிடித்துக்கொண்டே தீயில் வாட்ட வேண்டும். ஓடு கருகி வெடிக்கும்போது வருகிற வாசனையை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைத்தால், வெந்த தேங்காயின் எண்ணெயும் வெல்லப் பாகும் அரிசியில் ஊறி, பாயசமும் இல்லாமல் பொங்கலும் இல்லாமல் ஒரு பண்டம் இருக்கும்.

ஏன் அழிஞ்சி? சடங்கு என்பார்கள். எனக்குத் தெரிந்து அது நேரான, உறுதியான, பச்சையாக இருக்கும்போது சட்டென்று தீப்பிடிக்காத குச்சி. தேங்காயின் கனத்தைத் தாங்கிக்கொண்டு நெருப்பில் நிற்க அதுதானே வேண்டும்? ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் கட்டுக் கட்டாகக் கடைத்தெருவுக்கு வந்துவிடும், மறுநாளே காணாமல் போய்விடும்.

இதற்குச் சொல்லப்படும் கதை பாரதப் போர். ஆடி 1-இல் போர் தொடங்கி 18-இல் முடிந்தது, போர் நல்லபடியாக முடிய வேண்டும் என்று தேங்காய் சுட்டு வேண்டிக்கொண்டார்கள், முடிந்ததும் ஆயுதங்களை ஆற்றில் கழுவினார்கள் என்பது ஊர்வழக்கு. இன்றைக்கும் ஆடி 18 அன்று கிராமத்துச் சாமிகளின் வேலையும் அரிவாளையும் காவிரிக்குக் கொண்டுவந்து கழுவுவதை ஒகேனக்கல்லிலும் மேட்டூரிலும் பார்க்கலாம். கதை முந்தியா வழக்கம் முந்தியா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆனால் இந்த வழக்கம் உள்ள இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பெரும்பகுதி பழைய சேலம் மாவட்டம், மிச்சம் அதை ஒட்டிய காவிரிக் கரை. தர்மபுரி 1965 அக்டோபர் 2-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, நாமக்கல் 1997-இல். மாவட்ட எல்லைகள் மாறினாலும் தேங்காய் பழைய எல்லைக்குள்ளேயே சுடப்படுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். அரிசி, அவல், பருப்பு, எள்ளு, வெல்லம், தேங்காய். ஆடி 18-க்குச் செய்யும் காப்பரிசியிலும் கிட்டத்தட்ட இதே சாமான்கள்தான். ஊறவைத்த பச்சரிசி, வெல்லம், தேங்காய்த் துருவல், பொட்டுக்கடலை, எள்ளு. அடுப்பே தேவையில்லை. தேங்காயைத் தவிர இவற்றில் எதுவும் ஆடியில் விளைவதில்லை, மற்றதெல்லாம் பானையிலும் மூட்டையிலும் எடுத்து வைத்தவை. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்களே, மானாவாரி நிலத்தில் ஆடி விதைக்கிற மாதம், அறுக்கிற மாதம் இல்லை. பொங்கல் புத்தரிசியின் பண்டிகை என்றால் ஆடி மிச்ச அரிசியின் பண்டிகை. விதைக்கு ஒதுக்கியது போக வீட்டில் இருப்பதைத் திரட்டி, வரப்போகும் தண்ணீரை நம்பிச் சாப்பிட்டுவிடுவது. இது என் விளக்கம்தான், ஆனால் சாமான் பட்டியல் என் பக்கம் இருக்கிறது.

தண்ணீர் வரும் என்ற நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பகுதி மழைக்காக ஐப்பசி வரை காத்திருக்க, காவிரிக்கு மட்டும் குடகிலும், கபினி வழியாக வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை ஆனியிலேயே பிடித்துவிடும். அந்தப் புதுவெள்ளம் செங்காவி நிறத்தில் ஆடியில் ஒகேனக்கல் பாறைகளில் விழும். கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை, 'கல்லு' கல். விழும் தண்ணீரின் சாரல் புகையாக எழுவதால் வந்த பெயர். தமிழ்நாட்டுக்குள் காவிரிப் பெருக்கை முதலில் பார்க்கிறவர்கள் நாங்கள்தான் என்ற சின்னப் பெருமை பென்னாகரத்துக்காரர்களுக்கு எப்போதும் உண்டு.

ஆடி 18-க்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், ஒகேனக்கல்லில் அரசு விழாவும் நடக்கும். காலையில் குளித்து, காதோலை கருகமணி, மஞ்சள், பூ எல்லாம் ஆற்றுக்குக் கொடுத்து, புதுத் தாலிக்கயிறு மாற்றி, பாறை மேல் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்தால் புளிச் சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல். இந்தக் கலந்த சோறுகளைப் பற்றிச் சமையல் பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் புளியையும் தாளிப்பையும்தான் புகழ்கின்றன. எங்கள் ஊரில் விசேஷம் புளி அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் புளிக்கு என்ன பஞ்சம், சாலை ஓரமெல்லாம் புளியமரம். விசேஷம், அடியில் இருந்த அரிசி.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்த பாராமகால்தான் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் வயல் வயலாக அளந்து வரி போட்டார்கள். பிற்காலத்தில் ரயத்துவாரி என்று மாகாணம் முழுக்கப் பரவிய முறைக்கு இங்கேதான் ஒத்திகை நடந்தது. அவர்கள் அளந்த மண்ணில் பெரும்பகுதி புன்செய். கேழ்வரகு, சாமை, கம்பு, சோளம். காவிரி பக்கத்தில் ஓடினாலும் ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது, மேட்டு நிலத்துக்கு ஏறாது. தஞ்சாவூரை நெல்லால் நிறைத்த ஆறு எங்கள் ஊர் வழியாகத்தான் போனது, ஆனால் எங்கள் தட்டில் களிதான் இருந்தது. எங்கள் பாட்டி தலைமுறையில் நெல்லுச் சோறு என்பது தீபாவளி, பொங்கல், ஆடி 18, கல்யாணம், கருமாதி. மற்ற நாளெல்லாம் களி, கூழ், சாமைச் சோறு. அதனால் ஆடி 18-க்கு நான்கு வகை அரிசிச் சோறு கட்டிக்கொண்டு போவது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்பது ரேஷன் அரிசி வந்த பிறகு பிறந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

சரி, சைவச் சாப்பாடு முடிந்தது. வாசகர்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். மீன்.

ஒகேனக்கல் என்றாலே எண்ணெய்க் குளியலும் மீன் வறுவலும்தான். பேருந்து நிலையத்திலிருந்து அருவி வரை வழி நெடுக இரும்புக் கல்லில் செக்கச்செவேல் என்று மசாலா தடவிய துண்டுகள் சிலுசிலுத்துக்கொண்டிருக்கும். பரிசலிலேயே கடை போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து விற்பவர்களும் உண்டு. இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு ஏற்பாடு. மீனைக் கடையில் நாமே பார்த்து வாங்கி, அங்கேயே அடுப்பு வைத்திருக்கும் சமையல்காரப் பெண்களிடம் கொடுத்துவிட்டால், ஒரு கூலி பேசி, நாம் குளித்துவிட்டு வருவதற்குள் குழம்பும் வறுவலும் சோறும் தயார். காலையில் ஆற்றுக்குப் படையல் முடியும் வரை சைவம், மத்தியானத்துக்கு மேல் மீன் என்பது பல குடும்பங்களின் நடைமுறை. மேட்டூரில் அணைக்கட்டு முனியப்பனுக்கு ஆடும் கோழியும் வெட்டிக் கரையிலேயே சமைப்பவர்கள் தனி.

இந்த மீன் வறுவலைப் 'பாரம்பரிய உணவு' என்று இப்போது எல்லாக் காணொளியிலும் சொல்கிறார்கள். கல்லின் மேல் என்னதான் கிடக்கிறது என்று பார்த்துவிடலாமா?

கட்லா. இது கோதாவரி, கங்கைப் பக்கத்து மீன். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாண மீன்வளத் துறை கொண்டுவந்து காவிரியில் விட்டது. ரோகு, மிர்கால் இரண்டும் வடநாட்டுப் பெரிய ஆறுகளின் மீன்கள். ஜிலேபி என்கிற திலேப்பியா ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையைச் சேர்ந்தது, 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்து, அங்கிருந்து குளம், ஏரி, ஆறு என்று எங்கும் நுழைந்துவிட்டது. (திலேப்பியா என்ற பெயர் நம் வாயில் ஜிலேபி ஆகியிருக்கும் என்பது என் ஊகம்.) சாதாக்கெண்டை 1939-இல் நீலகிரிக்கு வந்த ஐரோப்பிய வகை, பிறகு 1957-இல் பாங்காக்கிலிருந்து இன்னொரு வகை. மசாலாவில் இருக்கும் மிளகாய் போர்ச்சுக்கீசியர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆக, கல்லின் மேல் காவிரிக்கே சொந்தமானது எது என்று கேட்டால், சில நாள் ஒன்றும் இருக்காது.

இதைச் சொல்வது ருசியைக் குறை சொல்ல அல்ல. வந்த மீன் வந்த கதைதான் இந்த இடத்தின் வரலாறு. 1925-இல் மேட்டூரில் அணை வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21-இல் கவர்னர் ஸ்டான்லி திறந்துவைத்தார், அவர் பெயரிலேயே நீர்த்தேக்கம். 120 அடிக்கு நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அந்தத் தண்ணீர் பின்வாங்கி நிற்கும் வால்பகுதிதான் ஒகேனக்கல்லுக்குக் கீழே வரை நீள்கிறது. ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் இறங்கும் வருடங்களில் பண்ணவாடி பக்கம் பழைய தேவாலயக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரிவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறதே, அந்த ஊர்கள். ஓடும் ஆறு நிற்கும் ஏரியானதும் ஓட்டத்தில் வாழும் மீன்களுக்கு இடம் குறைந்தது, ஏரியில் கொழுக்கும் கட்லாவுக்கு இடம் கிடைத்தது. அப்புறம் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றி, அடைத்துவைத்த கெண்டை மீன்களை முட்டையிட வைத்துக் காட்டினார். அதுவரை ஆற்றில் குஞ்சு பொறுக்கித்தான் குளத்தில் விட வேண்டும், அதற்குப் பிறகு வேண்டிய அளவு குஞ்சு பண்ணையிலேயே கிடைத்தது. நாடு முழுக்க அணைக்கட்டுகளில் கட்லாவும் ரோகுவும் நிறைந்தது இந்த ஊசியால்தான். ஜூலை 10-ஐ இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது வருகிற தேதி. எங்கள் ஊர்க்காரர்களும் ஒரு கும்பிடு போடலாம்.

போனது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கடலிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறி முட்டையிடும் உல்லம் மீன், வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுகிறார்களே அதே மீன், காவிரியிலும் ஏறியது. கீழே கட்டப்பட்ட அணைக்கட்டுகள் முதலில் வழியை மறித்தன, மேட்டூர் கதவைச் சாத்தியது. காவிரியின் உல்லம் பிடிப்பு அத்தோடு சரிந்தது. வங்காளத்தில் அந்த மீன் கல்யாணச் சீராகப் போகிறது, நமக்குப் பெயரே மறந்துவிட்டது.

இன்னொன்று மஷீர். காவிரியின் முதுகுத் திமில் மஷீர் உலகத்திலேயே பெரிய மஷீர் வகைகளில் ஒன்று. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினியில் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல். இவ்வளவு பெரிய, வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வந்து தூண்டில் போட்ட மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை என்றால் நம்புவீர்களா? கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவி என்ற மீனும் இதுவும் ஒன்றுதான் என்று 2018-இல்தான் நிறுவினார்கள். அதே வருடம் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலிலும் ஏறியது. பெயர் சூட்டலும் எச்சரிக்கையும் ஒன்றாக வந்தன. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல், விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட வேறு மஷீர் வகையின் போட்டி என்று காரணங்கள் பல. கருமுழிக் கெண்டை, சேல் கெண்டை போன்ற உள்ளூர் மீன்கள் இன்னும் கிடைக்கின்றன. கடையில் கேட்டுப் பாருங்கள், இருந்தால் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். கட்லாவைவிட முள் அதிகம், ருசியும் அதிகம் என்பது என் கட்சி.

இப்போது தண்ணீருக்கு வருவோம், அதுதான் இந்தப் பண்டிகையின் அடிப்படைச் சாமான். ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஒரு சாதாரண நீராண்டில் கர்நாடகம் அங்கே 177.25 டி.எம்.சி. தர வேண்டும். கிருஷ்ணராஜசாகரும் கபினி அணையும் வந்த பிறகு ஆடிப் பெருக்கு என்பது மழை மட்டும் முடிவு செய்கிற விஷயமாக இல்லை, மேலே அணைகள் நிரம்பினால்தான் இங்கே பெருக்கு. நிரம்பாத வருடம் பாறையில் நூலாக ஓடும். கீழே டெல்டாவில் ஆடி 18-க்குக் குளிக்க வேண்டும் என்பதற்காகவே மேட்டூரில் சில நாள் தண்ணீர் திறந்துவிட்ட வருடங்கள் உண்டு. நிரம்பி வழிந்தால் வேறு சிக்கல். 2018-இலும் 2024-இலும் ஆடி 18-க்கு முன்பே மேட்டூர் 120 அடியைத் தொட்டது. அப்படிப்பட்ட வருடங்களில் ஒகேனக்கல்லில் ஆற்றில் இறங்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள். தடை சரியானதுதான், அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் பரிசல் ஓட்டுபவருக்கும், எண்ணெய் தேய்ப்பவருக்கும், அடுப்பு வைத்திருக்கும் பெண்ணுக்கும் வருடத்தின் பெரிய வருமான நாள் அது. தண்ணீர் வராவிட்டாலும் நஷ்டம், அதிகம் வந்தாலும் நஷ்டம். பெருக்கைக் கும்பிடுகிற பண்டிகை, பெருக்கு அளவோடு இருந்தால்தான் நடக்கிறது.

அதே தண்ணீர் இன்னொரு வழியாகவும் சமையலறைக்குள் வந்துவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்கள் எங்கள் ஊரில் ஏராளம், எலும்பு வளைந்து முடங்கியவர்களும் உண்டு. ஜப்பான் நிதியுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் மேட்டுக்கு ஏறியது. ஆறு ஏறாத நிலத்துக்கு மோட்டார் ஏற்றியது. இப்போது ஆற்றுக்கே போகாத வீட்டிலும் ஆடி 18 சோறு காவிரியில் வேகிறது.

களி கதையோடு நிறுத்திக்கொள்கிறேன். 2008-இல் ரேஷனில் கிலோ 1 ரூபாய்க்கு அரிசி, 2011 ஜூனிலிருந்து இலவசம். பண்டிகைக்கு மட்டும் பார்த்த நெல்லுச் சோறு தினச் சோறாகிவிட்டது, களி பழைய ஆட்களின் சாப்பாடானது. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அதே வருடம் தமிழக அரசு ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை நீலகிரியிலும் தர்மபுரியிலும் தொடங்கியது. எந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் களி தின்று, அரிசி எப்போது வரும் என்று ஆடி 18-க்குக் காத்திருந்தார்களோ, அந்த ஊருக்கு!

போன முறை கரையில் மீனை ஒப்படைத்தபோது சமைக்கிற அக்கா கேட்டார், "சோறா, களியா?" களி என்றேன். "அதுக்கு மட்டும் கூலி கொஞ்சம் சேத்துக் குடு சாமி. சோறு சட்டுனு வெந்துரும், களியப் போட்டுக் கிண்டறது யாரு?" என்றார். கொடுத்தேன். கருமுழிக் கெண்டை அன்று கிடைக்கவில்லை, கட்லாக் குழம்புதான். களியில் குழி பண்ணி ஊற்றிக்கொண்டால் எந்த ஊர் மீன் என்று கேட்கத் தோன்றாது.